டைட்டில் பார் பட்டன் எங்கே இருக்கிறது என்று கோடில் எப்படிக் கண்டுபிடிப்பது? வட்டம் தப்பான இடத்தில் விழுகிறது

ஸ்ரீராம்புரா_டெஸ்டர் எழுதியது:

வணக்கம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன், ஆனால் இது ஆபீஸ் வேலை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற அக்காமார்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சிலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எல்லாருக்கும் பில்லிங் கவுன்ட்டரிலோ டேட்டா என்ட்ரியிலோ உட்கார வேண்டும் என்று ஆசை. மவுஸைப் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறோம்.

"மேல மூலையில இருக்குற இன்ட்டு மார்க்கை அமுக்குங்க" என்று சொன்னால் பாதிப் பேர் பிரவுசர் டேபில் இருக்கிற குட்டி இன்ட்டுவை அமுக்கிவிடுகிறார்கள், எழுதிக்கொண்டிருந்தது போய்விடுகிறது, அப்புறம் பயந்துபோய் மவுஸையே தொட மாட்டேன் என்கிறார்கள். அதனால் ஒரு சின்ன டூல் எழுதினேன். முன்னால் திறந்திருக்கிற விண்டோவின் குளோஸ், மினிமைஸ், மாக்ஸிமைஸ் பட்டனைச் சுற்றி ஒரு பெரிய சிவப்பு வட்டம் போட்டு, "இதுதான் மூடுகிற பட்டன்" என்று தமிழில் குரல் கொடுக்கும். சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ், பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்.

செய்தது இவ்வளவுதான்: கெட்ஃபோர்கிரவுண்ட்விண்டோ, அதிலிருந்து விண்டோவின் எல்லை. கெட்விண்டோரெக்ட் கொடுப்பதில் கண்ணுக்குத் தெரியாத ஓரம் சில பிக்சல் கூடுதலாக வருகிறது என்று, விண்டோக்களைத் திரையில் சேர்த்துக் காட்டுகிற டிடபிள்யூஎம்மின் எக்ஸ்டெண்டட் ஃப்ரேம் பவுண்ட்ஸை எடுத்துக்கொண்டேன். வலது மேல் மூலையிலிருந்து கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ் சொல்கிற பட்டன் அகலத்தைக் கழித்தேன். என் லேப்டாப்பில் வட்டம் கிட்டத்தட்ட சரியாக உட்கார்ந்தது, கொஞ்சம் குறுகலாக இருந்ததே தவிர.

வகுப்பில் ஐந்து லேப்டாப், ஐந்தும் வேறு வேறு ஆட்கள் கொடுத்தவை. சிலது விண்டோஸ் 10, சிலது 11. ஒன்றில் ஸ்கேலிங் (எழுத்து, பட்டனையெல்லாம் பெரிதாக்கிக் காட்டுவது) 125 சதவீதம், ஒன்றில் 150. இந்த இரண்டிலும் வட்டம் வலது பக்கமாகத் தள்ளிப்போய் விழுகிறது; விண்டோவை முழுத் திரைக்குப் பெரிதாக்கினால் வட்டமே காணோம். குரோமில் உயரம் பொருந்தவில்லை. சில டயலாக்கில் குளோஸ் மட்டும்தான் இருக்கிறது, நான் இல்லாத மினிமைஸுக்கும் வட்டம் போட்டு, ஒரு அக்கா அங்கே ஐந்து நிமிடம் கிளிக் செய்துகொண்டிருந்தார். அது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்ட்டு படத்தைத் தேடலாமா என்றும் யோசிக்கிறேன். முறையான வழி என்ன?

---

கோரமங்களா_கோடர்:

இடமே எதற்கு? விண்டோவை மூட வேண்டுமென்றால் டபிள்யூஎம்_குளோஸ் மெசேஜைப் போஸ்ட் பண்ணுங்கள். மினிமைஸுக்கு டபிள்யூஎம்_சிஸ்கமாண்டோடு எஸ்சி_மினிமைஸ். அல்லது ஒரு நிரலின் பட்டன், மெனுவையெல்லாம் இன்னொரு நிரல் படிக்க உதவுகிற யூஐ ஆட்டோமேஷனில் விண்டோபேட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது, அதில் குளோஸ், செட்விண்டோவிஷுவல்ஸ்டேட் இரண்டும் உண்டு. பட்டன் எங்கே இருந்தால் என்ன, வேலை நடந்துவிடும். ஆட்டோமேஷனில் மவுஸை நகர்த்திக் கிளிக் பண்ணுகிற கோட் எப்போதுமே ஒரு நாள் உடையும், எங்கள் டீமில் அதை எழுதவே விடமாட்டோம்.

---

ஸ்ரீராம்புரா_டெஸ்டர்:

நீங்கள் சொல்வது டெஸ்ட் ஸ்கிரிப்டுக்குச் சரி, ஆபீஸில் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இங்கே டூல் மூடக் கூடாது, அந்த அக்கா தன் கையால் மூட வேண்டும். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று காட்டுவது மட்டும்தான் டூலின் வேலை. அதனால் இடம் வேண்டும், அதுவும் பிக்சல் தவறாமல் வேண்டும்.

---

பழையஜன்னல்:

நல்ல காரியம் செய்கிறீர்கள் மேடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் விண்32 (விண்டோஸின் அடிப்படை நிரலாக்க இடைமுகம்) பக்கம்தான் இருக்கிறேன், இந்த மூன்று பட்டன்களோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் 125, 150 சதவீத விஷயம். உங்கள் நிரல் டிபிஐ (திரையின் பிக்சல் அடர்த்தி, ஸ்கேலிங் சதவீதத்தோடு சேர்ந்து மாறுவது) பற்றித் தனக்குத் தெரியும் என்று விண்டோஸிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாத நிரலுக்கு விண்டோஸ் ஒரு கற்பனைத் திரையைக் காட்டும். உண்மையான திரை 1920க்கு 1080 என்றால் 150 சதவீதத்தில் உங்கள் நிரல் பார்ப்பது 1280க்கு 720, 125 சதவீதத்தில் 1536க்கு 864. கெட்விண்டோரெக்ட் இந்தக் கற்பனைக் கணக்கில் பதில் சொல்லும். ஆனால் எக்ஸ்டெண்டட் ஃப்ரேம் பவுண்ட்ஸ் அப்படி இல்லை, அது டிபிஐக்கு ஏற்ப மாற்றப்படுவதில்லை, உண்மைப் பிக்சலையே கொடுக்கும். நீங்கள் உண்மைக் கணக்கில் இடத்தைக் கேட்டு, கற்பனைக் கணக்கில் வட்டம் போடுகிறீர்கள். பட்டன் 1200ல் இருந்தால் 125 சதவீதத் திரையில் உங்கள் வட்டம் 1500ல் போய் விழும். வலது பக்கம் போகப் போகத் தள்ளலும் கூடும். முழுத் திரை விண்டோவில் பட்டன் 1890 பக்கம் இருக்கும், வட்டம் 2360 தாண்டிப் போய்விடும், திரையே 1920தான். காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆக, மேனிஃபெஸ்டில் (நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்கிற கோப்பு) பெர்மானிட்டர்வி2 என்று அறிவியுங்கள். இது விண்டோஸ் 10ன் 1703 பதிப்பிலிருந்து இருக்கிறது. டாட்நெட் கோர் 3.0க்கு மேல் வந்துவிட்டால் முதல் ஃபார்ம் திறப்பதற்கு முன்பே அப்ளிகேஷன்.செட்ஹைடிபிஐமோட் என்று ஒரு வரி. இதைச் செய்யாமல், ஸ்கேலிங் சதவீதத்தைக் கண்டுபிடித்து நானே வகுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். இரண்டு மானிட்டர் இரண்டு சதவீதத்தில் இருந்தால் அந்தக் கணக்கு நிற்காது.

அடுத்தது பட்டன் அகலம். கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ் தருகிற எஸ்எம்_சிஎக்ஸ்சைஸ் பழைய கிளாசிக் தோற்றத்துக் காலத்து அளவு. இன்றைக்குத் தீம் வரைகிற பட்டன் அதைவிட அகலம். உங்கள் வட்டம் குறுகலாக வந்தது அதனால்தான். கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிற எல்லா வழியும் இப்படி எங்கேயாவது ஒரு விண்டோஸ் பதிப்பில் காலை வாரிவிடும். நான் 2007 வாக்கில் விஸ்டா வந்தபோது இதிலேயே ஒரு வாரம் தொலைத்தேன், அதனால்தான் சொல்கிறேன்: கணக்குப் போடாதீர்கள், விண்டோவிடமே கேளுங்கள்.

கேட்பதற்கு வழிகள் உண்டு. உங்கள் நிரலின் சொந்த விண்டோ என்றால் டபிள்யூஎம்_கெட்டைட்டில்பார்இன்ஃபோஎக்ஸ் என்கிற மெசேஜ், எண் 831, விஸ்டாவிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனிச் செவ்வகம் திரைக் கணக்கில் வரும். ஸ்ட்ரக்சரில் சிபிசைஸை, அதாவது அந்த ஸ்ட்ரக்சரின் அளவை, நிரப்ப மறந்தால் எதுவும் வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நிரல்களின் விண்டோவுக்கு, அதாவது உங்கள் தேவைக்கு, யூஐ ஆட்டோமேஷன்தான். ஆட்டோமேஷன்எலிமென்ட்.ஃப்ரம்ஹேண்டில் என்று விண்டோவை எடுத்து, அதன் பிள்ளைகளில் டைட்டில்பார் வகையைத் தேடி, அதற்குள் பட்டன் வகையைத் தேடுங்கள். பவுண்டிங்ரெக்டாங்கிள் உண்மைப் பிக்சலில் வரும், மேலே சொன்ன மேனிஃபெஸ்ட் இருந்தால் அதை அப்படியே வட்டத்துக்குப் பயன்படுத்தலாம். டெஸ்க்டாப்பிலிருந்து தொடங்கி எல்லா வாரிசுகளையும் தேடு என்று மட்டும் கொடுக்காதீர்கள், ஆமை வேகத்தில் போகும். இன்னொன்று, இந்த அழைப்புகளை வின்ஃபார்ம்ஸின் யூஐ திரெட்டில் (திரையைக் கவனித்துக்கொள்கிற ஓட்டம்) வைக்காதீர்கள், தனித் திரெட்டில் வையுங்கள். உங்கள் வட்டமும் ஒரு விண்டோதான், ஆட்டோமேஷன் அதையும் எட்டிப் பார்க்கும், அப்போது இரண்டும் ஒன்றையொன்று காத்துக்கொண்டு உறைந்துவிடும்.

இல்லாத பட்டனுக்கு வட்டம் போட்டது பற்றி: கெட்டைட்டில்பார்இன்ஃபோ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பட்டன்களின் இடத்தைச் சொல்லாது, நிலையைச் சொல்லும். ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை வரும். 0 டைட்டில் பாரே, 1 காலி, 2 மினிமைஸ், 3 மாக்ஸிமைஸ், 4 ஹெல்ப், 5 குளோஸ். மதிப்பில் 32768 என்கிற பிட் இருந்தால் அந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரியவில்லை, 1 என்கிற பிட் இருந்தால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. சில நிரல்கள் சிஸ்டம் மெனுவில் குளோஸை மங்கலாக்கி வைத்திருக்கும், அங்கே பட்டன் இருக்கும், அமுக்கினால் ஒன்றும் ஆகாது. உங்கள் வகுப்பில் அது இன்னும் மோசமான குழப்பம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வட்டம் போடுங்கள்.

எங்கேயாவது சந்தேகம் வந்தால், செவ்வகத்தின் அகலம் பூஜ்யம், அல்லது விண்டோவுக்கு வெளியே விழுகிறது என்றால், வட்டமே போடாதீர்கள். கற்றுக்கொள்கிறவருக்குத் தப்பான இடத்தைக் காட்டினால் அவர் தன் மேல்தான் தப்பு என்று நினைப்பார்.

ஸ்கிரீன்ஷாட் வழி வேண்டாம். டார்க் மோட் ஒரு படம், லைட் மோட் ஒரு படம், பின்னால் இருக்கிற விண்டோவுக்கு மங்கலான இன்ட்டு, மவுஸ் மேலே போனால் சிவப்பு, இதோடு ஒவ்வொரு சதவீதத்துக்கும் வேறு அளவு. எத்தனை படம் சேமிப்பீர்கள்? அதுவும் பிரவுசர் டேபில் இருக்கிற குட்டி இன்ட்டுவை உங்கள் நிரலே குளோஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

---

கோரமங்களா_கோடர்:

ஓ, புரிந்தது. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். மூன்று பட்டன்களையும் சேர்த்து ஒரே செவ்வகமாகப் போதுமென்றால் டிடபிள்யூஎம்கெட்விண்டோஅட்ரிபியூட்டில் கேப்ஷன் பட்டன் பவுண்ட்ஸ் இருக்கிறதே, எண் 5. ஒரே அழைப்பு. அதை மூன்றால் வகுத்தால்?

---

பழையஜன்னல்:

வகுக்கக் கூடாது தம்பி. குளோஸ் மட்டும் இருக்கிற டயலாக்கில் மூன்றால் வகுத்தால் என்ன ஆகும்? ஹெல்ப் பட்டன் இருக்கிற டயலாக்கில்? அதோடு அந்தச் செவ்வகம் விண்டோவின் மூலையிலிருந்து எண்ணுகிற கணக்கு, திரைக் கணக்கு இல்லை. விண்டோ மினிமைஸ் ஆகியிருக்கும்போது கேட்டால் வருகிற மதிப்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "இந்தப் பக்கம் பாருங்கள்" என்று மொத்தமாகக் காட்ட மட்டும் அது போதும்.

---

கரோல்பாக்_தமிழன்:

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆபீஸில் இந்தி, உருது இரண்டு மொழிகளிலும் ஒரு டெஸ்க்டாப் நிரல் செய்கிறோம், அதில் பட்ட பாட்டிலிருந்து இரண்டு விஷயம்.

யூஐ ஆட்டோமேஷனில் பட்டனை அதன் நேம் வைத்துத் தேடாதீர்கள். நேம் என்பது திரைவாசிப்பான் படித்துச் சொல்கிற பெயர், அது விண்டோஸின் மொழிக்கு ஏற்ப மாறும். கன்னட இடைமுகம் போட்ட லேப்டாப் ஒன்று வகுப்புக்கு வந்தால் உங்கள் டூல் குளோஸ் பட்டனே இல்லை என்று சொல்லிவிடும். ஆட்டோமேஷன்ஐடியைப் பாருங்கள். விண்டோஸ் தானே வரைகிற டைட்டில் பாரில் குளோஸ் பட்டனுக்கு ஐடி ஆங்கிலத்தில் குளோஸ் என்றே இருக்கும், மொழி மாறினாலும் மாறாது. மற்ற இரண்டுக்கும் ஐடி என்ன என்று ஐந்து லேப்டாப்பிலும் நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிற அக்செசிபிலிட்டி இன்சைட்ஸ் என்கிற கருவியில் மவுஸை மேலே வைத்தால் போதும், ஐடி, செவ்வகம் எல்லாம் தெரியும். விண்டோஸ் எஸ்டிகேயோடு வருகிற இன்ஸ்பெக்ட்டும் அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, பட்டன்கள் எப்போதும் வலது பக்கம் என்று எங்கேயும் எழுதிவைக்காதீர்கள். உருது, அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாகப் போகிற விண்டோவில் டைட்டில் பாரே கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும், குளோஸ் இடது மூலையில் இருக்கும். விண்டோவின் எக்ஸ்டெண்டட் ஸ்டைலில் லேஅவுட்ஆர்டிஎல் பிட் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். பெங்களூரில் உருது பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற சிவாஜிநகர் பக்கத்திலிருந்து யாராவது படிக்க வந்தால் இது கட்டாயம் வரும். ஆட்டோமேஷனிடம் செவ்வகம் கேட்டால் இது தானாகச் சரியாகிவிடும், ஆனால் "வலது மேல் மூலையில்" என்று குரலில் பதிவு செய்து வைத்திருந்தால் அதை யார் மாற்றுவது? குரலையும் பாருங்கள்.

---

ஸ்ரீராம்புரா_டெஸ்டர்:

பழையஜன்னல் சார், கரோல்பாக் அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து மேனிஃபெஸ்ட் சேர்த்தேன், யூஐ ஆட்டோமேஷனுக்கு மாற்றினேன். 150 சதவீத லேப்டாப்பில் நோட்பேட், பில்லிங் நிரல், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மூன்றிலும் வட்டம் பட்டனின் மேலேயே உட்காருகிறது. குரலில் "வலது மூலை" என்று சொல்லத்தான் செய்திருந்தேன், அதை எடுத்துவிட்டு "சிவப்பு வட்டத்துக்குள்ளே" என்று மாற்றிப் பதிவு செய்கிறேன். சிவாஜிநகரிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் வருகிறார்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குரோம், அப்புறம் எலக்ட்ரானில் (வலைப்பக்க நுட்பத்தால் டெஸ்க்டாப் நிரல் செய்கிற கருவி) செய்த ஒரு சாட் ஆப், இவற்றில் டைட்டில்பார் வகை என்று எதுவுமே கிடைக்கவில்லை. இரண்டாவது, அக்கா விண்டோவைப் பிடித்து இழுத்தால் வட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. டைமர் வைத்து அரை நொடிக்கு ஒரு முறை கேட்கிறேன், வட்டம் தாவித் தாவி வருகிறது, பழைய லேப்டாப்பில் ஃபேன் வேறு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

---

பழையஜன்னல்:

குரோம் போன்றவை டைட்டில் பாரை விண்டோஸை வரைய விடுவதில்லை. மேல் பகுதியையும் தங்கள் இடமாக எடுத்துக்கொண்டு டேப், பட்டன் எல்லாவற்றையும் தாங்களே வரைகின்றன. அதனால் விண்டோஸ் தருகிற டைட்டில் பார் தகவல் அங்கே பொருந்தாது. ஆட்டோமேஷன் மரத்தில் பட்டன்கள் இருக்கக்கூடும், ஆனால் டைட்டில்பாருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஒவ்வொரு நிரலும் ஒரு மாதிரி வைத்திருக்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி டபிள்யூஎம்_என்சிஹிட்டெஸ்ட், எண் 132. மவுஸ் நகரும்போதெல்லாம் விண்டோஸ் விண்டோவிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "இந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது?" அதையே நீங்களும் கேட்கலாம். பதில் 20 என்றால் குளோஸ், 8 மினிமைஸ், 9 மாக்ஸிமைஸ், 2 வெறும் டைட்டில் பார், 1 என்றால் நிரலின் உள்பகுதி. விண்டோஸ் 11ல் மாக்ஸிமைஸ் மேல் மவுஸை வைத்தால் கட்டம் கட்டமாக ஒரு பலகை திறக்கிறதே, ஸ்னாப் லேஅவுட், அது தானே வரைகிற டைட்டில் பாரில் வர வேண்டுமென்றால் அந்த நிரல் இந்தக் கேள்விக்கு 9 என்று பதில் சொல்லியாக வேண்டும். அதனால் நன்றாகப் பராமரிக்கப்படுகிற நிரல்கள் இப்போது பெரும்பாலும் நேர்மையாகப் பதில் சொல்கின்றன.

விண்டோவின் மேல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கீழே, பத்துப் பன்னிரண்டு பிக்சலை கெட்டிபிஐஃபார்விண்டோ சொல்வதை 96ஆல் வகுத்துப் பெருக்கி, அந்த உயரத்தில் ஒரு ஓரத்திலிருந்து நான்கு நான்கு பிக்சலாக நகர்ந்து கேட்டுக்கொண்டே போங்கள். 20 எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தால் அகலம் கிடைத்துவிடும். அதன் நடுவிலிருந்து மேலும் கீழும் கேட்டால் உயரம். ஐம்பது அறுபது கேள்விக்குள் முடியும். உருது விண்டோவுக்கு இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். அனுப்பும்போது சென்ட்மெசேஜ் வேண்டாம், சென்ட்மெசேஜ்டைம்அவுட், அபார்ட்இஃப்ஹங் கொடி போட்டு 100, 200 மில்லிசெகண்ட். பழைய லேப்டாப்பில் நிரல்கள் அடிக்கடி தொங்கும், வெறும் சென்ட்மெசேஜ் போட்டால் அது பதில் சொல்லும்வரை உங்கள் டூலும் கூடவே தொங்கும். இரண்டாவது மானிட்டர் இடது பக்கம் இருந்தால் எக்ஸ் மதிப்பு மைனஸில் போகும், எல்பாராமில் (மெசேஜோடு போகிற மதிப்பு) கட்டும்போது 16 பிட்டுக்கு வெட்டிக் கட்டுங்கள்.

இழுக்கும்போது வட்டம் பின்னால் ஓடுவதற்கு டைமர் வேண்டாம். செட்வின்ஈவென்ட்ஹுக் வைத்து ஆப்ஜெக்ட்_லொகேஷன்சேஞ்சைக் கேளுங்கள். விண்டோ நகர்ந்தால் அதுவே வந்து சொல்லும். ஆனால் மவுஸ் கர்சர் நகர்ந்தாலும் எழுத்துக் கர்சர் நகர்ந்தாலும் அதே ஈவென்ட்தான் வரும், ஆப்ஜெக்ட் ஐடி 0 இல்லாதவற்றை முதல் வரியிலேயே தள்ளிவிடுங்கள். சி ஷார்ப்பில் இதில் ஒரு குழி இருக்கிறது: ஹுக்குக்குக் கொடுக்கிற டெலிகேட்டை (எந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்று சொல்வது) ஒரு ஃபீல்டில் பிடித்து வைக்காவிட்டால், பயன்படாத நினைவகத்தைக் காலி செய்கிற கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துக்கொண்டு போய்விடும், பத்து நிமிடம் நன்றாக ஓடிய டூல் திடீரென்று விழுந்துவிடும். ஹுக் வைத்த திரெட்டில் மெசேஜ் லூப் ஓட வேண்டும் என்பதும் உண்டு.

நகரும்போதெல்லாம் பட்டனைத் திரும்பத் தேட வேண்டாம். அளவு மாறாமல் இடம் மட்டும் மாறினால் முன்பு கிடைத்த செவ்வகத்தை அதே தூரத்துக்குத் தள்ளினால் போதும். அளவு மாறினால், அல்லது விண்டோ வேறு டிபிஐ மானிட்டருக்குப் போனால் மட்டும் மறுபடி கேளுங்கள். ஃபேன் அமைதியாகிவிடும்.

---

மாதுங்கா_மேக்:

மும்பையிலிருந்து ஒரு சின்ன சேர்க்கை, பின்னால் இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காக. மேக்கில் சொந்த விண்டோ என்றால் என்எஸ்விண்டோவிடம் ஸ்டாண்டர்ட்விண்டோபட்டன் கேட்டால் பட்டனே கிடைக்கும். மற்ற நிரலின் விண்டோ என்றால் அக்செசிபிலிட்டி ஏபிஐயில் ஏஎக்ஸ்குளோஸ்பட்டன், அதிலிருந்து ஏஎக்ஸ்பொசிஷன், ஏஎக்ஸ்சைஸ். பயனர் செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி அனுமதி கொடுத்தால்தான் பதில் வரும். அந்த பொசிஷன் திரையின் மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படுவது, என்எஸ்விண்டோவின் ஃப்ரேம் கீழ் இடது மூலையிலிருந்து எண்ணப்படுவது. இரண்டையும் கலந்தால் வட்டம் தலைகீழாகப் போய் விழும்.

---

கோரமங்களா_கோடர்:

லினக்ஸுக்கும் ஒரு வரி. விண்டோக்களைத் திரையில் காட்டுகிற பழைய முறையான எக்ஸ்11ல் நெட்_ஃப்ரேம்_எக்ஸ்டெண்ட்ஸ் என்கிற ப்ராப்பர்ட்டி டைட்டில் பாரின் உயரத்தையும் ஓரங்களின் தடிமனையும் சொல்லும், பட்டன்களைத் தனியாகச் சொல்லாது. அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் ஒரு நிரலுக்குத் தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே இந்த மாதிரி வட்டம் போடும் டூலை வெளியிலிருந்து எழுதுவது கஷ்டம்.

ஸ்ரீராம்புரா_டெஸ்டர், வட்டத்துக்கான விண்டோவுக்கு லேயர்ட், டிரான்ஸ்பரன்ட், நோஆக்டிவேட் மூன்று ஸ்டைலும் கொடுத்திருக்கிறீர்களா? முதல் இரண்டும் இல்லாவிட்டால் அக்கா கிளிக் செய்வது உங்கள் வட்டத்தின் மேல் விழும், பட்டனுக்குப் போகாது; மூன்றாவது இல்லாவிட்டால் வட்டமே முன்னால் இருக்கிற விண்டோவாகிவிடும்.

---

ஸ்ரீராம்புரா_டெஸ்டர்:

லேயர்ட், டிரான்ஸ்பரன்ட் இருந்தது, நோஆக்டிவேட் இல்லை. அதனால்தான் வட்டம் வந்ததும் பின்னால் இருக்கிற விண்டோவின் டைட்டில் மங்கிக்கொண்டிருந்தது, அதை வேறு ஏதோ பக் என்று நினைத்து ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். போட்டேன், சரியாகிவிட்டது.

இன்று வகுப்பு முடிந்து எழுதுகிறேன். ஐந்து லேப்டாப்பிலும் புதிய டூல். முதலில் ஆட்டோமேஷன், அதில் கிடைக்காவிட்டால் ஹிட்டெஸ்ட், அதிலும் கிடைக்காவிட்டால் வட்டம் கிடையாது. குரோமில் ஹிட்டெஸ்ட் 20, 9, 8 மூன்றையும் சரியாகச் சொன்னது. விண்டோவை இழுத்தால் வட்டம் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறது, அதைப் பார்த்து ஒரு அக்கா விண்டோவைத் திரை முழுக்க இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார், போன வாரம் மவுஸைத் தொட மாட்டேன் என்று சொன்னவர் அவர்தான். உருது விண்டோ ஒன்றைத் திறந்து பார்த்தோம், வட்டம் இடது மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

சாட் ஆப்பில் மட்டும் முடியவில்லை. எந்தப் புள்ளியில் கேட்டாலும் 1 என்றுதான் சொல்கிறது, ஆட்டோமேஷன் மரத்திலும் பெயர் இல்லாத பட்டன்கள் வரிசையாக இருக்கின்றன, எது எதுவென்று தெரியவில்லை. அங்கே வட்டம் போடாமல், "ஆல்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எஃப் நாலை அமுக்குங்கள்" என்று குரல் மட்டும் கொடுக்க வைத்திருக்கிறேன்.

---

பழையஜன்னல்:

அது போதும். சில லேப்டாப்பில் எஃப்4க்கு எஃப்என் கீயையும் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும், அடுத்த ஞாயிறுக்கு முன் ஐந்திலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.